தாம்போதியில் அரைத் தாங்கித் தண்ணீர்

தங்கை நிலாந்தினியின் கலியாணத்தில் ஆரூரனுக்கு ஒரேயொரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். தண்ணீர்.

மற்றதெல்லாம் தம்பி நிமலனின் கையில். பந்தல், மேளம், ஐயர், சமையல், வீடியோ, நயினாதீவிலிருந்து படகில் வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரைக் குறிகட்டுவான் துறையில் மாலை போட்டு ஏற்றிவருவது, எல்லாம். மூத்தவன் இருக்க இளையவன் ஓடித் திரிவதைப் பார்த்து ஊர் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குக் காரணம் தெரியும். தகப்பன் தம்பிராசாவின் அறுபதாம் கலியாணத்துக்குப் பந்தல் போடும் பொறுப்பை ஆரூரன்தான் எடுத்தான். ஐயர் சங்கற்பம் தொடங்கிய நேரம் பார்த்து அந்தப் பந்தல் பணிவாகக் குனிந்து, வந்திருந்த எல்லோருக்கும் தலையில் கைவைத்து ஆசி வழங்கியது. காயம் யாருக்கும் இல்லை. ஆரூரனின் பெயருக்கு மட்டும் கொஞ்சம்.

ஆனால் இந்த முறை அவனிடம் ஒரு பிக்கப் இருந்தது.

கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜருக்கு எதற்கு பிக்கப் என்று கேட்டவர்களிடம் ‘தேவைப்படும்’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான். வாங்கிய நாளிலிருந்து அது அவனைக் கடைக்கும் வீட்டுக்குமாக ஏற்றி இறக்கியது. பின்தட்டில் அதுவரை ஏறிய மிகப் பெரிய பாரம் பெண்சாதி கஜானியின் தையல் மெசின். தேவை இப்போதுதான் வந்தது.

ஆவணி மாதத்துப் புங்குடுதீவுக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போடவேண்டியதில்லை. தேத்தண்ணிக்குப் பால் ஊற்றினால் திரைந்து நிற்கும். கலியாணத்துக்கு வருகிற சனத்துக்குச் சமைக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கடலுக்குக் குறுக்கே போட்ட தெருவான தாம்போதியைக் கடந்து வேலணைப் பக்கம் போய், சாட்டிக் கிணறுகளில் இறைத்துவர வேண்டும். முகூர்த்த மாதம் என்பதால் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறிகள் எல்லாம் வேறு கலியாண வீடுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நிமலன் போனில் ஒவ்வொருவராகக் கெஞ்சிக் களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்தபோது, ஆரூரன் தொண்டையைச் செருமினான். ஒரு இழுவைப் பெட்டி செய்து பிக்கப்புக்குப் பின்னால் கொழுவினால் தானே இழுத்துவருவேன் என்றான்.

தாய் சறோஜினிதேவி சாமி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தம்பிராசா ஓய்வுபெற்ற விதானையார், ஊரின் அரச அதிகாரியாக இருந்தவர். ஒருவனைப் பார்வையாலேயே விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறவர். மகனையும் அப்படித்தான் பார்த்தார்.

“சரி. ஆனால் தம்பி, தண்ணி எண்டது பந்தல் மாதிரி இல்லை. பந்தல் விழுந்தாலும் சனம் சாப்பிடும்.”

இந்த ஒன்றிலும் சறுக்கினால், இனி இந்த வீட்டில் தன்னை நம்பி ஒரு விளக்கைக்கூடக் கொளுத்தச் சொல்லமாட்டார்கள் என்று ஆரூரனுக்குத் தெரிந்தது.

இரண்டு சில்லு வைத்த பெட்டி ஒன்றை வெல்டிங் கடையில் செய்வித்தான். அதன்மேல் ஆளுயரக் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றை ஏற்றிப் பட்டி போட்டு இறுக்கினான். பைப்பைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று தாங்கியைப் பெட்டியின் பின் ஓரத்தில் வைத்தான். அந்த வசதிதான் அவனைக் கொல்லப் பார்த்தது.

வெள்ளோட்டத்துக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே நிரப்பினான். பாரம் முழுவதும் பெட்டியின் வாலில் உட்கார்ந்ததால் அதன் மூக்கு மேலே எழும்பி, பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கியது. முட்ட வரும் கிடாய் மாதிரி முகத்தைக் குத்திக்கொண்டு நின்ற வாகனத்தைப் பார்த்து, அதற்கு வேகம் வந்துவிட்டது என்று ஆரூரன் பெருமைப்பட்டான். கஜானியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

ஒழுங்கை முடிந்து நல்ல தெரு வந்தது. வேகம் பிடிக்கக் காலை அமர்த்தினான். வலப்பக்கக் கண்ணாடியில் தாங்கி தெரிந்தது. பிறகு இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு இரண்டிலும் மாறி மாறித் தெரிந்தது. பின்னால் வரவேண்டிய சாமான் தன்னை முந்தப் பார்க்கிறது என்று விளங்கியபோது, பயந்துபோன எந்தச் சாரதியும் செய்கிற அதே பிழையை ஆரூரனும் செய்தான். பிறேக்கை மிதித்தான்.

பிக்கப் நிற்க விரும்பியது. பெட்டி விரும்பவில்லை. பின்னால் வந்த அத்தனை தண்ணீரும் பிக்கப்பின் முதுகில் ஒரு தள்ளுத் தள்ள, வாகனம் அரை வட்டம் அடித்து, ஒரு கிடுகுவேலியைத் திறந்துகொண்டு உள்ளே போய், வளவின் நடுவில் நின்றது. அந்த வீட்டுக்காரர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டு அவர்களைப் பார்த்தார்.

கஜானி கலைந்த தலையைச் சரி செய்துகொண்டாள். “வாசலாலை வந்திருக்கலாம்,” என்றாள்.

அடுத்த நாளே வேலியை அடைத்துக் கொடுத்துவிட்டு, ஆரூரன் படிப்பில் இறங்கினான். ஆசிரியர் யூரியூப்பில் இருந்தார். எங்கோ பனி கொட்டும் ஊரில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன், விளையாட்டு வண்டி ஒன்றின் மேல் இரும்புத் துண்டை முன்னும் பின்னும் நகர்த்தி விளக்கினான். பாரத்தில் பாதிக்கு மேல் சில்லுக்கு முன்னால் இருக்கவேண்டும். பெட்டியின் மூக்கு கொழுக்கியை அமர்த்திக்கொண்டு கிடக்கவேண்டும். அதற்காக அளவுக்கு மிஞ்சி அமர்த்தினால் பிக்கப்பின் முன்சில்லுக்குத் தெருப் பிடிக்காது. ரயர்களில் காற்றுக் குறையக்கூடாது. அப்படியும் ஆடத் தொடங்கினால் பிறேக்கைத் தொடாதே, ஸ்டியரிங்கை வெட்டாதே, காலை மெல்ல எடு, அது தானாக அடங்கும்.

தாங்கியை முன்னால் நகர்த்தினான். ரயர்களுக்குக் காற்றடித்தான். திரும்ப ஓடிப் பார்த்தான். பெட்டி கோயிலுக்குப் போகிற பிள்ளை மாதிரிப் பின்னால் வந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அவன் ஆரூரன் இல்லை. கலியாண வீட்டு முற்றத்தில் மர வாங்கின்மேல் ஒரு பூசணிக்காயை முன்னும் பின்னும் உருட்டி, வந்தவர் போனவர் எல்லோருக்கும் பாரம் நிற்கும் இடத்தைப் பற்றி விளக்கம் கொடுத்தான். நிமலன் அதை வீடியோ எடுத்துக் கனடா, லண்டன் சொந்தங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பூசணிக்காய் நன்றாக நடித்திருப்பதாக ஒரு மாமி எழுதியிருந்தாள்.

ஒன்றை மட்டும் அந்தத் தாடிக்காரன் சொல்லவில்லை, ஆரூரனும் யோசிக்கவில்லை. இரும்புத் துண்டும் பூசணிக்காயும் வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், சாட்டியில் மோட்டார் வைத்து வாய் முட்டத் தாங்கியை நிரப்பினார்கள். சமையல்காரர் குலசிங்கம் பொழுதுபடுவதற்குள் அடுப்பு மூட்டவேண்டும் என்று சொல்லியிருந்தார். நேரம் தாராளமாக இருந்தது. பிக்கப்பின் முகப்பில் கஜானி ஒரு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற வாகனம் என்று தெரியட்டுமே என்றாள்.

தெரிந்தது. வேலணை முழுக்கத் தெரிந்தது.

கஜானி பிறந்த ஒழுங்கை வழியாகத்தான் போகவேண்டும். முதல் வேலிப் படலையில் அவளுடைய சின்னம்மா கேதீஸ்வரி நின்று கையைக் காட்டினாள். இடுப்பில் குடம்.

“கலியாணத் தண்ணியோ பிள்ளை? எங்கடை கிணறும் இந்தமுறை உப்பாய் மாறிப்போச்சு. தேத்தண்ணிக்கு ஒரு குடம் தாவன்.”

இந்தத் தீவுகளில் காணி கேட்டால் வழக்குப் போடுவார்கள். பெண் கேட்டால் சாதகம் பொருந்தவில்லை என்பார்கள். நல்ல தண்ணீரைக் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதுவும் கலியாணத் தண்ணீர், அதுவும் பெண்சாதியின் சின்னம்மா. இல்லையென்றால் அந்தப் பேச்சு நிலாந்தினியின் பேரப்பிள்ளைகளின் கலியாணத்திலும் வெற்றிலைத் தட்டோடு சுற்றிவரும். ஆரூரன் இறங்கிப் பைப்பைத் திறந்தான். குடம் நிறைந்தது. கேதீஸ்வரி சந்தோஷப்பட்டு, வளவில் உரித்துவைத்திருந்த தேங்காயை மூட்டை மூட்டையாகப் பிக்கப்பில் ஏற்றிவிட்டாள். கலியாணச் சமையலுக்கு அவள் வீட்டுப் பங்கு.

அதற்குள் அடுத்த படலை திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. குடம் வந்தது, வாளி வந்தது, பெயின்ற் வாளி வந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பெரிய சமையல் கிடாரமே வந்தது. ஆரூரனுக்குத் தலை கொஞ்சம் சுழன்றுவிட்டது. தெருவில் சனம் வரிசையாக நின்று அவனைக் காத்திருப்பது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. சங்கக் கடையில் வரிசை நிற்கும்; ஆனால் அது சீனிக்கு. பைப்பில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக நின்று, ஒவ்வொருவரிடமும் நாளைக்குக் கட்டாயம் வந்து சாப்பிடவேண்டும் என்று சொன்னான். கஜானியும் சும்மா இருக்கவில்லை. தன்னோடு படித்தவளின் வீடு உள்ளே இருக்கிறது என்று கூப்பிட்டுக் கொடுத்தாள்.

“காணுமோ?” என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

“சமுத்திரமே கொண்டுபோறம்,” என்றான் ஆரூரன்.

தாங்கியின் பக்கத்தில் தட்டிப் பார்த்திருந்தால் சமுத்திரம் பாதியாக வற்றியிருப்பது தெரிந்திருக்கும். அவன் தட்டவில்லை.

தாம்போதி வந்தது. இரண்டு பக்கமும் கடல். நடுவில், இரண்டு வாகனம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு விலகும் அளவுக்குத் தெரு. சோழகக் காற்று இடப்பக்கத்திலிருந்து தடையில்லாமல் அடித்தது. நண்டு வலைக்கு நாட்டியிருந்த தடிகள்கூட ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. ஆரூரன் அளவான வேகத்தில்தான் போனான். ஆனால் ஏதோ சரியில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பிக்கப் விழுந்து எழும்பிய பிறகு, பின்னாலிருந்து ஒரு ஆள் தோளில் தட்டுவது மாதிரி ஒரு இடி வந்தது. தட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை தட்டியது.

“ஆரோ பின்னாலை இருக்கினமோ?” என்றாள் கஜானி.

அப்போதுதான் குறிகட்டுவான் பஸ் பின்னால் வந்து ஹோன் அடித்தது. நயினாதீவுப் படகைப் பிடிக்கவேண்டிய சனத்தோடு வரும் பஸ். படகு காத்திருக்காது, ஆகவே பஸ்ஸும் யாருக்காகவும் காத்திருக்காது. ஆரூரன் இடப்பக்கம் ஒதுங்கினான். பஸ் வலப்பக்கம் மூக்கை நீட்டியது. அது தள்ளிக்கொண்டு வந்த காற்று பெட்டியை ஒரு பக்கம் ஒத்தியது. சோழகம் மறுபக்கம் ஒத்தியது. தாங்கிக்குள் இருந்த அரைவாசித் தண்ணீர், இதுதான் சமயமென்று, எழும்பி நடக்கத் தொடங்கியது.

வலப்பக்கக் கண்ணாடியில் தாங்கி. இடப்பக்கக் கண்ணாடியில் தாங்கி.

பெட்டி வலப்பக்கம் போனால் தண்ணீர் கொஞ்சம் பிந்தி வலப்பக்கம் போய் அடித்தது. பெட்டி திரும்பி வரப் பார்த்தால், தண்ணீர் இன்னும் அங்கேயே நின்று இழுத்தது. இரண்டும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. பஸ் சாரதி பயந்து பின்வாங்கினார். ஆரூரனின் கால் பிறேக்கின் மேல் போய் நின்றது. பனி ஊர்த் தாடிக்காரன் மனதுக்குள் கத்தினான். ஆரூரன் காலைத் தூக்கி மடக்கி, தன் காலை நம்பாமல், கதிரையின் கீழே ஒளித்துவைத்தான். ஸ்டியரிங்கை நேரே பிடித்தான். வாய் ஓயாமல் முருகனைக் கூப்பிட்டது. கஜானி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

வேகம் இறங்கியது. ஆட்டம் இறங்கியது. ஆனால் தெருவின் அகலம் அதற்கு முன் முடிந்துவிட்டது. பெட்டி கடைசியாக ஒரு வளைவு வளைந்து, தெருவுக்குக் குறுக்கே படுத்து, ஒரு சில்லைக் கற்களுக்கு மேலே கடல் பக்கமாகத் தொங்கவிட்டு நின்றது.

பஸ்ஸும் நின்றது. சனம் இறங்கியது. முதலில் இறங்கி வந்தவரைக் கண்டதும், பெட்டியோடு தானும் கடலுக்குள் போயிருக்கலாமே என்று ஆரூரனுக்குத் தோன்றியது. மாப்பிள்ளையின் சித்தப்பா செல்வரத்தினம். யாழ்ப்பாணத்தில் கலியாண உடுப்பு எடுத்துக்கொண்டு நயினாதீவுக்குத் திரும்புகிறார்.

“ஆர், பொம்பிளையின்ரை தமையனே?” என்றார். “நாளைக்குத்தானே தம்பி சந்திக்கிறதாய் இருந்தது.”

சனம் சேர்ந்து பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தது. பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னது. யாரோ பைப்பைத் திறந்து பார்த்து, மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்து, தாங்கி அரைவாசி என்று அறிவித்தார்கள். செல்வரத்தினம் வாயைத் திறந்தார். குடத்தைப் பற்றிச் சின்ன வகுப்பில் எல்லோரும் பாடமாக்கும் அந்த ஒரு வரி அவருடைய நாக்கு நுனியில் நிற்பது ஆரூரனுக்குத் தெரிந்தது. கஜானி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பஸ் சாரதிக்குப் படகு அவசரம். அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

“தம்பி, இந்த ஆட்டத்தோடை நீர் தெருவிலை போனால் ஒருத்தரும் போக ஏலாது. தண்ணியைத் திறந்து விடும். வெறும் பெட்டி ஆடாது.”

எல்லோரும் ஓம், அதுதான் சரி என்றார்கள். ஒருவர் பைப்பில் கையும் வைத்துவிட்டார்.

ஆரூரன் கடலைப் பார்த்தான். அவ்வளவு பெரிய உப்புத் தண்ணீருக்குள் அவனுடைய ஒரேயொரு வேலையை ஊற்றிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். வெறும் தாங்கியோடு வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தான். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பயம். நிமலன் ‘பரவாயில்லை அண்ணை’ என்பான். அது அதைவிடப் பயம்.

“கையை எடுங்கோ அண்ணை,” என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “தண்ணி போகாது. தண்ணியின்ரை நடையைத்தான் நிப்பாட்ட வேணும்.”

எப்படி என்று யாரும் கேட்பதற்குள் அவன் பிக்கப்பின் பின்தட்டில் ஏறிவிட்டான். உண்மையில் எப்படி என்று அவனுக்கும் தெரியாது. மூட்டையின்மேல் கால் தடுக்கி விழுந்தபோதுதான் தெரிந்தது. தேங்காய்.

தேங்காய் தண்ணீரில் மிதக்கும். மேற்பரப்பு முழுக்க நெருக்கி மிதந்தால் அலை எழும்ப இடம் எங்கே? ஆரூரனின் யோசனைகளில் இதற்கு முன் எதுவும் வேலை செய்ததில்லை என்பது கூட்டத்தில் கஜானிக்கு மட்டும்தான் தெரியும். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு தேங்காயாகத் தும்பை உருவித் துடைத்து நீட்டினாள். பஸ் சனம் வரிசையாக நின்று கை மாற்றியது. ஆரூரன் தாங்கியின் மேலே குந்தியிருந்து ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினான். பிள்ளைகளோடு நாகபூசணி அம்மனுக்குப் போகிற ஒரு அம்மா, கையில் வந்த தேங்காயைக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் கொடுத்தாள். மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். செல்வரத்தினம் ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, இது பொம்பிளை பகுதியின் சடங்கா, தங்கள் பக்கத்திலும் நாளைக்குச் செய்யவேண்டுமா என்று மரியாதையாக விசாரித்தார்.

பஸ் முன்னால் போனது. பிக்கப் பின்னால் போனது. ஆட்டம் முழுதாக நின்றது என்று சொன்னால் பொய். தாங்கிக்குள் தேங்காய்கள் கடகடவென்று வாக்குவாதப்பட்டன. ஆனால் தோளில் தட்டுவது அடங்கிவிட்டது. சைக்கிளில் வந்த ஒருவர் அவர்களை முந்திப் போனார். ஆரூரன் மரியாதையாக வழிவிட்டான்.

பெட்டியைவிட போன் கெதி. அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே நயினாதீவு, கனடா வழியாகச் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. படலையில் வீடே நின்றது. குலசிங்கம் அகப்பையோடு நின்றார். தாங்கியின் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பித் தம்பிராசாவைப் பார்த்தார்.

“தேங்காய்தான் முதல்லை வேணும், துருவ,” என்றார். “எப்பிடி எடுக்கிறது?”

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. உள்ளே போட்ட கை வெளியே எடுக்க எட்டாமல், நீளத் தடியில் கரண்டி கட்டி, சொந்தக்காரர் எல்லோரும் தாங்கியைச் சுற்றி நின்று தேங்காய் பிடித்தார்கள். கையில் மருதாணியோடு நிலாந்தினி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, உங்களைத் தண்ணி கொண்டுவரச் சொன்னது. தேங்காயைக் குளிப்பாட்டச் சொல்லேல்லை.”

ஆரூரனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது, அவன்தான் அந்த மாதத்து வாட்ஸ்அப் குழுவின் கதாநாயகன். ஆனால் குலசிங்கம் கிடாரங்களில் தண்ணீரை இறக்கி முடித்துச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது. இது இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் காணும். விடியக் கலியாணச் சமையலுக்கு இன்னொரு தாங்கி வேண்டும்.

நிமலன் போனை எடுத்தான். அவன் குரலில் ஒரு துளி நக்கலும் இல்லை.

“அண்ணை களைச்சுப்போனார். நான் தண்ணி ஏத்த உழவு ரக்ரர் ஒண்டு பிடிச்சு அனுப்புறன், அப்பா.”

ஆரூரன் தகப்பனைப் பார்த்தான். தன்னிடமிருந்து வேலை கழன்றுபோவது, கொழுக்கியிலிருந்து பெட்டி கழல்வது மாதிரியே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

“முட்ட நிரப்பினால் ஆடாது அப்பா,” என்றான். “வெறுமையாய்ப் போனாலும் ஆடாது. நான் அரைவாசியோடை தாம்போதி ஏறினதுதான் பிழை. வழியிலை குடுத்துப்போட்டுப் பார்க்காமல் வந்திட்டன்.”

சொல்லும்போதே தெரிந்தது, பூசணிக்காய் விளக்கத்திலும் இதே குரலில்தான் பேசினோம் என்று. தம்பிராசா மகனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நிமலனின் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிக்கப்பின் முன்கதவைத் திறந்து, கஜானி இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“எடு, போவம்.”

போகும்போது தகப்பன் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். சாட்டியில் தாங்கி நிறைந்தது. ஒழுங்கையில் படலைகள் மறுபடி திறந்தன. முதல்முறை குடம் கொண்டுவந்தவர்கள் வாளியோடு வந்தார்கள். வாளியோடு வந்தவர்கள் அண்டை வீட்டாரோடு வந்தார்கள். ஆரூரன் தகப்பனைப் பார்த்தான். பழைய விதானையார் வரிசையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“என்ன செய்யிறது. குடு.”

எல்லோருக்கும் கொடுத்து முடித்து ஆரூரன் தாங்கியின் பக்கத்தில் தட்டிப் பார்த்தான். அரைவாசி. ஏறி உட்கார்ந்து, முச்சந்தியில் வாகனத்தைத் திருப்பினான்.

“எங்கை போறாய்? தாம்போதி அங்காலை.”

“நிரப்ப, அப்பா.”

சாட்டிக் கிணற்றடியில், மூடியின் வழியாகத் தண்ணீர் வழிந்து சில்லில் ஓடும்வரை மோட்டாரை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது படலைகளில் நின்றவர்கள் கையை மட்டும் அசைத்தார்கள்.

தாம்போதியில் ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. சோழகம் சாயவில்லை. தம்பிராசா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். பள்ளங்கள் வந்தன, பிக்கப் விழுந்து எழும்பியது, பின்னாலிருந்து யாரும் தட்டவில்லை. எதிரே ஒரு பஸ் காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. ஒன்றும் நடக்கவில்லை. பாதித் தூரம் போயிற்று. ஒன்றும் நடக்காதது தம்பிராசாவுக்கு ஒத்துவரவில்லை.

“டேய் தம்பி, பின்னாலை பெட்டி வருதோ?”

ஆரூரன் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். தெருவும் கடலும். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். கடலும் தெருவும். நடுக்கண்ணாடி, வெற்றிலைப் பல்லைப் பார்ப்பதற்காகத் தகப்பன் எப்போதோ தன் பக்கம் திருப்பிவைத்தபடி இருந்தது. கழன்றிருக்கவேண்டும். எந்த இடத்தில்? சாட்டியிலா? இழுக்காத ஒன்றை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேனா? கால் பிறேக்கைத் தேடியது. தொடவில்லை.

தம்பிராசா யன்னலால் தலையை வெளியே விட்டு, சால்வை காற்றில் பறக்க, நன்றாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். திரும்பி உள்ளே வந்து, முன்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வருது,” என்றார். “நேரே வருது.”

புங்குடுதீவுக் கரை ஏறியதும், தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

“நாளைக்கு மாப்பிள்ளை பகுதியை ஏத்தத் துறைக்கு நீ போ. நான் நிமலனுக்குச் சொல்லுறன்.”

ஆரூரனுக்குக் கண் கலங்கியது. அதைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

“ரெண்டு கையாலையும் பிடி,” என்றார் தகப்பன். “போகேக்கை பெட்டியைக் கழட்டிப்போட்டுப் போ.”